பத்திரம் கேட்டால் பதில் இல்லை!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தக் காலத்தில் 'வீட்டுக் கடனை அடைத்துப் பார்' என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். கடன் வாங்குவதுகூட சுலபமாகிவிட்டது. வாங்கின பிறகு ஒரு சந்தேகம் கேட்கப் போனால்தான் தெரிகிறது நம் மதிப்பு. கையெழுத்துப் போடும்வரை 'அக்கா, அம்மா' என்று வீடு தேடி வந்து காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். கையெழுத்து ஆனதும் அதே ஆள் போனை எடுப்பதில்லை. ஆபீசுக்கே போனால், "அவர் டிரான்ஸ்பர் ஆயிட்டார் மேடம்" என்கிறார்கள்.

இதைப் பெண்கள் பகுதிக்கு எழுதக் காரணம் இருக்கிறது. வீட்டுக் கடன் என்றால் அது ஆண்கள் சமாச்சாரம் என்று நாம் பலரும் ஒதுங்கி இருக்கிறோம். ஆனால் கடன் பேப்பரை எடுத்துப் பாருங்கள். நிறைய வீடுகளில் மனைவி பெயரும் சேர்ந்துதான் இருக்கும். கூட்டாக வாங்கின கடனில் சட்டப்படி நாமும் கடன்காரிதான். டியூ கட்டத் தவறினால் நம்மையும்தான் கேட்பார்கள். ஆனால் நாம் போய் ஒரு ஸ்டேட்மெண்ட் கேட்டால் மட்டும், "சார் வரலையா? சாரை வரச் சொல்லுங்க" என்கிறார்கள். கடனுக்கு மட்டும் நம் கையெழுத்து வேண்டும், கணக்குச் சொல்ல நாம் வேண்டாமா? இது எந்த ஊர் நியாயம்?

என் கணவர் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சம்பளச் சீட்டு இல்லை என்பதால் பேங்கில் கடன் கிடைக்கவில்லை. 2017-இல் ஒரு தனியார் வீட்டுக் கடன் நிறுவனத்தில் இரண்டு பேர் பெயரிலும் கடன் வாங்கினோம். பாஸான தொகையில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று 31,000 ரூபாயைச் சேர்த்து எழுதியிருந்தார்கள். கேட்டால், "இது கம்பல்சரிம்மா, எல்லாருக்கும் உண்டு" என்று பதில். அந்த 31,000-க்கும் சேர்த்து வட்டி கட்டினோம். வீட்டுக் கடனுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சம்பாதிக்கிறவருக்கு ஏதாவது ஆனால் குடும்பம் தெருவுக்கு வராமல் இருக்க இன்ஷூரன்ஸ் நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை எங்கே எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது நாம்.

அடுத்தது வட்டி. பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டியில் இருப்பவை. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் ஆறரை சதவீதம் ஆனது. அதோடு வீட்டுக் கடன் வட்டியும் ஏறியது. 'எங்க டியூ மட்டும் ஏறவே இல்லையே' என்று சந்தோஷப்பட்டவர்கள் நிறையப் பேர். டியூவை ஏற்றாமல் வருஷத்தை நீட்டிவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பி.காம். படிக்கும் என் அண்ணன் மகளிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். 10 லட்சம் கடன், 7 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாசம் 7,753 ரூபாய் டியூ. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று, கடன் வாங்கின உடனேயே வட்டி 9 சதவீதமாக ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மாச வட்டி மட்டும் 7,500 ரூபாய். டியூ அதே 7,753 என்றால் அசலில் கழிவது வெறும் 253 ரூபாய்! இப்படியே கட்டினால் கடன் தீர 38 வருஷம் ஆகுமாம். மொத்தம் கட்டுவது முப்பத்தைந்தரை லட்சம் வரும். அதற்குப் பதில் டியூவை மாசம் 1,244 ரூபாய் கூட்டிக் கட்டினால் அதே 20 வருஷத்தில் முடிந்துவிடும், மொத்தம் சுமார் இருபத்தொன்றரை லட்சம்தான். நம் வயசைப் பார்த்து நடுவிலேயே டியூவை ஏற்றுவார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் மாசம் 1,244 ரூபாயைச் சிக்கனம் பண்ண முடியுமா, முடியாதா என்று சொல்ல வேண்டியது யார்? பால் கணக்கும் மளிகைக் கணக்கும் பார்க்கிற நாம்தானே! நம்மைக் கேட்காமல் 'வருஷத்தை நீட்டு' என்று முடிவு செய்ய அவர்கள் யார்?

இதையேதான் ரிசர்வ் வங்கியும் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. வட்டி மாறும்போது டியூவைக் கூட்டுவதா, வருஷத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்த்தா என்று கடன் வாங்கினவரைக் கேட்க வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். அதில் இதுவரை அசலில் எவ்வளவு போனது, வட்டியில் எவ்வளவு போனது, இன்னும் எத்தனை டியூ பாக்கி என்பதெல்லாம் புரியும்படி இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு ஸ்டேட்மெண்ட் வருகிறதா? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்குப் பெரிய சோதனை கடனை அடைத்த பிறகுதான் வந்தது. கணவரின் பூர்வீக நிலத்தில் அவர் பங்கு விற்ற பணத்தில், 2024 ஜூன் 10-ஆம் தேதி மொத்தக் கடனையும் கட்டி முடித்தோம். பத்திரம் கைக்கு வந்ததும் அதை வைத்து வேறு பேங்கில் பட்டறைக்கு ஒரு மெஷினுக்குக் கடன் வாங்குவதாக ஏற்பாடு. முதல் தடவை போனபோது, "பதினைந்து நாள்ல வந்துடும்" என்றார்கள். அடுத்த தடவை, "பைல் வேற ஊர் குடோன்ல இருக்கு" என்றார்கள். அதற்கடுத்த தடவை, "சிஸ்டம்ல ரிக்வெஸ்டே போடலையே" என்றார்கள். கணவர் பட்டறையை அடைத்துவிட்டு எத்தனை நாள் அலைவார்? பிறகு நானே போனேன். எந்த ஆபீசர் என்ன சொன்னார் என்று மகளின் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். இதற்கிடையில் மெஷின் ஆர்டர் கை நழுவும் நிலைமை. கடைசியில் என் வளையலும் செயினும் அடகுக்குப் போயின.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ஆம் தேதி போட்ட உத்தரவைப் பற்றி அப்போதுதான் எங்கள் தெருவில் ஒரு ரிட்டையர்டு பேங்க் ஊழியர் சொன்னார். கடன் முழுசாக அடைந்து 30 நாளைக்குள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். பத்திரத்தைத் தொலைத்துவிட்டால் நகல் எடுக்க உதவி செய்து அந்தச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும். அதற்கு இன்னும் 30 நாள் அவகாசம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பேங்குகளுக்கு மட்டுமல்ல, வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

இந்த விவரத்தை எழுதி, ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் தலைமை அலுவலகத்துக்கு அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டோடு தபால் அனுப்பினேன். பத்தே நாளில் பத்திரம் வந்துவிட்டது! குடோனில் இருந்த பைலுக்கு எப்படித்தான் கால் முளைத்ததோ! ஆனால் செப்டம்பர் 4-ஆம் தேதி வாங்கப் போனபோது ஒரு காகிதத்தை நீட்டினார்கள். 'எந்த இழப்பீடும் கேட்கமாட்டோம்' என்று அதில் எழுதியிருந்தது. "சும்மா பார்மாலிட்டிம்மா" என்றார் அந்தத் தம்பி. நான் கையெழுத்துப் போடவில்லை. பத்திரம் பெற்றுக்கொண்டதாக மட்டும் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன். 30 நாளுக்கு மேல் 56 நாள் தாமதம். இழப்பீட்டுக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறோம். இன்றுவரை நேரான பதில் இல்லை, நாங்களும் விடுவதாக இல்லை.

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான், புதுக் கடன் பிடித்துத் தரச் சொல்லி மேலே இருந்து விரட்டுகிறார்கள். கடனைக் கட்டாமல் ஏமாற்றுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் நாங்கள் ஏழு வருஷம் ஒரு செக்கூட பவுன்ஸ் ஆகாமல் கட்டினோம். டியூ ஒரு நாள் தவறினால் போன் மேல் போன் போடத் தெரிந்தவர்களுக்கு, பத்திரம் 56 நாள் தவறினால் ஒரு போன் போட்டுச் சொல்லத் தெரியாதா? அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

சகோதரிகளே, என் அனுபவத்தில் சொல்கிறேன். வாயால் கேட்பதற்கு மதிப்பில்லை, எழுத்தில் கேட்டால்தான் மதிப்பு. தமிழில் எழுதினாலே போதும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாசத்தில் பதில் இல்லையென்றால், பேங்க் கடனாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்குப் பைசா செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற இலவச எண்ணில் விவரம் சொல்வார்கள். வீட்டுக் கடன் நிறுவனமாக இருந்தால் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு எழுத வேண்டும். நாங்கள் அங்கேதான் எழுதியிருக்கிறோம்.

புதுசாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு வீட்டுக் கடனுக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். வட்டி, கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் இருக்கும். நமக்குப் புரிகிற மொழியிலேயே அது இருக்க வேண்டும் என்பது விதி. 'இங்கிலீஷ்லதான் இருக்கு, கையெழுத்துப் போடுங்க' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடாது. கடன் கொடுத்தபோது ரிஜிஸ்டர் ஆபீசில் அடமானத்தைப் பதிவு செய்திருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்த விவரம் ஏறும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் விட்டால், நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் விற்கப் போகும்போது அடைத்த கடன் மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

நகையை எண்ணிப் பார்த்துப் பீரோவில் பூட்டுகிற நாம், அதைவிடப் பெரிய சொத்தான வீட்டின் காகிதத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. மூலப்பத்திரம், கிரையப்பத்திரம், பட்டா என்று எதையெதைக் கொடுத்தோமோ அதற்கெல்லாம் லிஸ்ட் வாங்கி வையுங்கள். அடைக்கும்போது அந்த லிஸ்ட்டோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். "சாரை வரச் சொல்லுங்க" என்று யாராவது சொன்னால், "கடன் பேப்பரில் என் கையெழுத்தும் இருக்கு தம்பி, எனக்கே பதில் சொல்லுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு