என்றைக்கு வயது?

பிறந்த தேதியைத் தட்டினால் போதும், வயதைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும், அதில் பிழை வராது. பள்ளி அலுவலகம் முதல் மருத்துவமனை பதிவு கவுன்டர் வரை எல்லோரும் இதை நம்புகிறார்கள். வயதுக் கட்டம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கும். திருத்த முடியாதது சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது நமக்குப் பழக்கம்.

முதலில் கணக்கு. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் 'டேட்டிஃப்' என்ற ஃபங்ஷனிடம் ஆண்டு வித்தியாசம் கேட்டால், இடையில் எத்தனை ஜனவரி 1 வந்தது என்று மட்டுமே எண்ணும். டிசம்பர் 31-இல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே ஒரு வயது! 20.12.2006-இல் பிறந்தவரின் படிவத்தை 5.1.2024 அன்று திறந்தால் 18 என்று காட்டும். அவருக்கு நிறைந்தது 17தான். இதைக் கண்டுகொண்ட கெட்டிக்காரர்கள் மொத்த நாட்களை 365.25-ஆல் வகுக்கிறார்கள். 1.3.2001-இல் பிறந்தவருக்கு 1.3.2019 வரை 6,574 நாள். வகுத்துத் தசமத்தை வெட்டினால், பதினெட்டாவது பிறந்தநாளன்று வயது 17. ஆண்டுகளைக் கழித்துவிட்டு, இந்த வருடப் பிறந்தநாள் இன்னும் வரவில்லையென்றால் ஒன்றைக் குறைத்தால் போதும், ஒரே வரி. அதோடு விவகாரம் தீர்ந்தது என்பவர்களோடுதான் என் சண்டை.

எந்தத் தேதியில் என்று சொல்லாமல் வயது சொல்ல முடியாது. படிவமோ யாரையும் கேட்காமல் 'இன்று' என்று வைத்துக்கொள்கிறது. டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகள் ஜூலை 1-ஐ வைத்து வயது பார்க்கின்றன. வாக்காளர் பட்டியலுக்கு ஜனவரி 1 மட்டுமே இருந்தது. 2022 முதல் ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள். மருத்துவமனையில் பத்து வருடத்துக்கு முந்தைய அறிக்கையை இப்போது அச்செடுத்தால், அன்றைய எலும்பு முறிவுக்குப் பக்கத்தில் இன்றைய வயது நிற்கும். செத்துப்போனவருக்கும் வருடா வருடம் வயது ஏறிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கல் நள்ளிரவு. வயது நிறையும் அந்தக் கணத்தை எந்தத் தேதியில் எழுதுவது? 2.1.1956-இல் பிறந்த ஒருவர் ராஜஸ்தான் அரசுப் பணிக்கு விண்ணப்பித்தார். 1.1.1984 அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது விதி. நம் ஒற்றை வரிக் கணக்கு அவருக்கு 27 என்றே சொல்லும். 1986-இல் உச்ச நீதிமன்றம், ஜனவரி 1 முடியும்போதே 28 நிறைந்துவிட்டது என்றது, வாய்ப்புப் போயிற்று. மத்திய அரசில் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறுவதும் இதே போக்கில்தான். புரோகிராமர் இதில் எந்தப் பக்கம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆனாலும் அவர் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்.

சரி, அந்தப் பிறந்த தேதி எங்கிருந்து வந்தது? பிறந்த தேதி தெரியாமல் உத்தேச வயதை மட்டும் சொன்ன பாட்டிக்கு ஆதாரில் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி 1 விழுந்தது. யூகித்த வயதிலிருந்து தேதி. அந்தத் தேதியிலிருந்து மறுபடியும் 'துல்லியமான' வயது! முதியோர் உதவித்தொகை மனுவை இந்த எண் தள்ளிவிட்டால், பாட்டி யாரிடம் போய் வாதாடுவாள்? 'எந்தத் தேதியில் வயது' என்று ஒரு கட்டம், 'பிறந்த தேதி உத்தேசமானது' என்று டிக் அடிக்க ஒரு கட்டம். இவற்றைச் சேர்க்கச் சொன்னால், படிவம் நீண்டுவிடும் என்கிறார்கள்.