மணியின் ஞாயித்துக்கிழமைக் குளியல்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுப் பக்கம் வந்திருந்தீங்கன்னா ஒரு அலறல் கேட்டிருக்கும். மணிக்குக் குளியல். பாத்ரூம் கதவைச் சாத்திட்டு, நான் பெர்முடாஸோட உள்ளே, அவன் கமோடுக்குப் பின்னால. என்னோட ஷாம்பூ, என்னோட பக்கெட், கடைசில என்னோட துண்டு. அரை மணி நேரத்துல ரெண்டு பேருமே குளிச்சிருப்போம்.

மணி சாதாரண நாட்டு நாய். மழைக்காலத்துல வேளச்சேரியில ஒரு டீக்கடை வாசல்ல கிடைச்சவன். 'நாய் வேணும்னா வெச்சுக்கோ, ஆனா வீடு நாறக்கூடாது'ன்னு அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. அதனாலதான் வாராவாரம் குளியல். நானும் ரொம்பப் பொறுப்பான ஓனர்னு மார் தட்டிக்கிட்டு இருந்தேன்.

ஒரு புதன்கிழமை அவன் சாப்பிடல. வியாழனும் சாப்பிடல. வெள்ளிக்கிழமை காலையில மூக்குல ரத்தம். ஆணி புடுங்குறதை அப்படியே போட்டுட்டு ஆட்டோ புடிச்சு டாக்டர்கிட்ட ஓடினேன். ரத்தப் பரிசோதனையில தட்டணுக்கள் 32 ஆயிரம். நாய்க்கு சாதாரணமா ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கணுமாம். உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியான்னு ஒரு கிருமி உள்ளே போய் வெள்ளணுக்குள்ளயே குடித்தனம் பண்ணும், விட்டா உயிரையே எடுத்துடும்னாங்க.

"உண்ணியா? வாராவாரம் குளிப்பாட்டுறேனே டாக்டர்!"

"குளிப்பாட்டுறீங்க, சரி தம்பி. எப்பவாவது முடியை விலக்கிப் பார்த்தீங்களா?"

காதை மடக்கிக் காட்டினாங்க. கால் விரல் இடுக்கைப் பிரிச்சுக் காட்டினாங்க. ஆமணக்குக் கொட்டை மாதிரி ஊதிப்போய் மூணு, பக்கத்துல கடுகு சைஸ்ல ஒரு கூட்டம். ஒவ்வொரு வாரமும் அதுங்களுக்கும் சேர்த்துத்தான் நான் ஷாம்பூ போட்டிருக்கேன்!

இதை விடக் கேவலம் ஒண்ணு இருக்கு. உண்ணிக்குன்னு மாசாமாசம் கழுத்துக்குப் பின்னால சொட்டு மருந்து விட்டுக்கிட்டுதான் இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி விடுவேன். அந்த மருந்து தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையோட கலந்து உடம்பு முழுக்கப் பரவணும். விடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள், விட்ட பிறகு ரெண்டு நாள் குளிப்பாட்டக் கூடாதுன்னு அட்டைப் பெட்டியிலயே போட்டிருக்கான். நான் ஞாயித்துக்கிழமை காலையில நுரை பொங்கத் தேய்ச்சு, காசு குடுத்து வாங்கின மருந்தைச் சாக்கடையில விட்டிருக்கேன். ஆபீஸ்ல ஜூனியர் பசங்களைப் பார்த்து 'மேனுவலைப் படிங்கய்யா'ன்னு கத்துறவன் நான். என்ன கொடுமை சார் இது.

அன்னையிலிருந்து எனக்கு ஒரு கட்சி உண்டு. நாம நாயைக் குளிப்பாட்டுறது முக்கால்வாசி நம்ம மூக்குக்காக. நாய்க்கு வேண்டியது தண்ணி இல்ல, நம்ம கையும் கண்ணும். அது உடம்பு முழுக்க விரலை விட்டுத் தடவிப் பார்க்க வாரத்துல பத்து நிமிஷம் ஒதுக்கினா போதும்.

உண்ணியோட கதை தெரிஞ்சா நீங்களும் ஒத்துக்குவீங்க. தண்ணியில முக்கினா அது சாகாது. நம்ம ஊர் வீடுகள்ல வர்றது பழுப்பு நிற நாய் உண்ணி. முட்டையிலிருந்து கிழடு வரைக்கும் நம்ம வீட்டுக்குள்ளயே வாழ்ந்து முடிக்கிற ஜாதி. ரத்தம் குடிச்சு ஊதின பொம்பளை உண்ணி கீழே விழுந்து, செவுத்து விரிசல்லயோ கட்டில் சந்துலயோ ஆயிரக்கணக்கில முட்டை போடும். நாய் மேல நாம பார்க்கிறது கொஞ்சம், மிச்சம் செவுத்துல. நாயை மட்டும் கழுவுறது, லாக் ஃபைலை அழிச்சிட்டு பக் போயிடுச்சுன்னு சொல்ற மாதிரி.

குளியல் சும்மாவும் விடறதில்ல. மனுஷத் தோல் அமிலத் தன்மை உள்ளது, நாய்த் தோல் கிட்டத்தட்ட நடுநிலை, அதோட நம்மளதை விட மெல்லிசு. நம்ம ஷாம்பூவை வாராவாரம் போட்டா எண்ணெய்ப் பசை போய், வறண்டு, அரிப்பெடுத்து, சொறிஞ்ச இடம் புண்ணாகும். புண் நாறும். நாறுதேன்னு மறுபடி குளிப்பாட்டுவோம். மணி ராத்திரியெல்லாம் சொறிஞ்சதுக்குக் காரணம் நான்தான்.

எங்க பாட்டி வீட்டுல கருப்பன்னு ஒரு நாய் இருந்தது. அவனைக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனதே வருஷத்துக்கு ரெண்டு தரம்தான் இருக்கும். ஆனா மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் பாட்டி திண்ணையில உட்காருவாங்க, கருப்பன் வந்து மடியில தலையைப் போடுவான். பக்கத்துல கொட்டாங்கச்சியில கொஞ்சம் மண்ணெண்ணெய். ஒவ்வொண்ணாப் புடுங்கி அதுல போட்டுக்கிட்டே பக்கத்து வீட்டுக் கதை பேசுவாங்க. எனக்கு அப்ப அருவருப்பா இருந்தது. டிகிரி வாங்கி, சென்னைக்கு வந்து, ஒரு நாயைச் சாகக் கிடத்தின பிறகுதான் அந்தக் கொட்டாங்கச்சி ஞாபகம் வந்தது. (உண்ணி மேல மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க மக்களே. தோலை ஒட்டிப் புடிச்சு நேரா இழுக்கணும், அப்புறம்தான் மண்ணெண்ணெய்.)

பூனை வெச்சிருக்கிறவங்க இதைக் கண்டிப்பாப் படிங்க. மணி படுத்த அதே வாரம் அக்காவோட பூனை சின்னு எங்க வீட்டுல இருந்தது. கடையில நாய்க்கு உண்ணிப் பவுடர் வாங்கும்போது "பூனைக்கும் இதையே போடலாம் சார்"ன்னான் கடைக்காரன். நல்லவேளை, டாக்டருக்கு ஒரு போன் போட்டேன். கிட்டத்தட்டக் கத்திட்டாங்க. நாய்ப் பவுடர், சொட்டு மருந்து பலதுல பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைத் தாங்கும், பூனையோட ஈரலுக்கு அதை உடைக்கிற சக்தி போதாது. நடுக்கம், வலிப்பு, சாவு. மேலே போட்டதைப் பூனை நக்கி நக்கி உள்ளேயும் அனுப்பிடும். பினாயிலும் அதுக்கு விஷம்தான்.

அந்த நாக்கு இருக்கிறப்போ நம்ம பக்கெட் அதுக்கு எதுக்கு? நாக்கு மேல இருக்கிற முள்ளுங்க நுனியில சின்னக் கரண்டி மாதிரி குழிஞ்சு, எச்சிலை முடியோட அடி வரைக்கும் கொண்டு போகுதுன்னு 2018-ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக்காரங்க ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. கிரீஸ்ல விழுந்தா, வயசாகி நக்க முடியாமப் போனா குளிப்பாட்டுங்க. மத்தபடி ஒரு சீப்பு போதும்.

குளிக்கவே வைக்காதீங்கன்னு சொல்லல. சேத்துல புரண்டா, டாக்டர் மருந்து ஷாம்பூ எழுதிக் குடுத்தா, வேற வழியில்ல. காதுக்குள்ள தண்ணி போகாம, நல்லாத் துவட்டிவிட்டு.

மணிக்கு 28 நாள் மாத்திரை. ரெண்டாவது வாரத்துல தட்டுல இருந்த தயிர் சாதத்தை முகர்ந்து பார்த்துட்டு ரெண்டு வாய் சாப்பிட்டான். அம்மா அடுப்படியில போய் நின்னு அழுதாங்க. வீடு நாறக்கூடாதுன்னு கண்டிஷன் போட்ட அதே அம்மாதான்.

இப்ப ஞாயித்துக்கிழமை சீப்பும், புருவம் புடுங்குற இடுக்கியும், ஒரு கொட்டாங்கச்சியும். சீரியல் பார்த்துக்கிட்டே அம்மாவே பண்றாங்க, என்னைக் கிட்ட விடறதில்ல. பக்கெட் சத்தம் கேட்டா கட்டிலுக்கடியில ஓடறதை மட்டும் மணி இன்னும் விடல.