பத்துக் கோடி இருந்தால் மட்டும் வா!

தொழில் தொடங்க வரும் வெளிநாட்டவருக்குத் தனி விசா கொடுக்கலாமா? பல நாடுகளில் சூடாக நடக்கும் விவாதம் இது. கனடா 2013-ல் இதற்கென்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. அமெரிக்கா 2017-ல் ஒரு விதி போட்டது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 18 மாதத்தில் 10 கோடி ரூபாய் அல்லது 36 மாதத்தில் 25 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 20 இந்தியருக்காவது வேலை. இவ்வளவும் செய்தால் பத்தாண்டு தங்கும் உரிமை, வீடு வாங்கவும் அனுமதி. 2016 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது.

வேலை கொடுப்பவனை வரவேற்பதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் பணப்பையை எடை போட்டால் தொழில் செய்கிறவன் யார் என்று தெரிந்துவிடுமா?

பதில் வேண்டுமென்றால் வடசென்னைக்கு வாருங்கள்.

பர்மாவில் 1962-ல் ஆட்சியைப் பிடித்த நெ வின் அரசு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். சம்பாதித்த சொத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். பத்துக் கோடி எங்கே, பத்து ரூபாய் எங்கே! பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மா பஜார் எழுப்பியவர்கள் அவர்கள்தான். அத்தோ கடை போட்டவர்களும் அவர்கள்தான். வியாசர்பாடியிலும் எர்ணாவூர் பர்மா நகரிலும் குடியேறிப் பிழைத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, இங்கே இருக்கலாம் என்ற உரிமை. இன்னொன்று, கைதூக்கிவிடக் கடன். தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் மத்திய அரசு தொடங்கிய ரெப்கோ வங்கி இன்றும் நடக்கிறது.

"அவர்கள் நம்மவர்கள் ஆச்சே, அதை விசாவோடு ஒப்பிடலாமா?" என்று கேட்கலாம். சரி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் போகும் அதே மின்சார ரயிலில் கடைசி வரை போய்ப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் ஈழத் தமிழர் முகாம். 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்களும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும் இப்படிப்பட்ட முகாம்களில்தான் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள். ஆனாலும் 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதும் தொழில் செய் என்பதும் ஒன்றா?

இலங்கைக் குடிமகன் ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி இல்லாமல் இங்கே நிலம், வீடு வாங்க முடியாது. நிலம் இல்லாதவன் எதை அடமானம் வைப்பான்? அடமானம் இல்லாமல் எந்த வங்கி கடன் தரும்? படித்த பையனும் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூலிக்குப் போவது ஏன் என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

பாதுகாப்பு முக்கியம் என்பார்கள். நிச்சயமாக முக்கியம். ஆனால் நாற்பது வருடமாக அரசாங்கப் பதிவேட்டில் பெயரும், கணக்கெடுப்பில் தலையும் இருக்கிற மனிதரைவிட, நேற்று விமானத்தில் இறங்கிய முதலீட்டாளரைப் பற்றி அரசுக்கு அதிகமாகவா தெரியும்?

கோடீஸ்வரருக்குக் கதவு திறக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்னால், ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவருக்குக் குடியுரிமையும், பர்மாவிலிருந்து வந்தவருக்குக் கொடுத்த அதே சின்னக் கடனும் கொடுங்கள். கும்மிடிப்பூண்டியில் எத்தனை பஜார் முளைக்கிறது என்று பிறகு பார்க்கலாம்!