ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்?



'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'ஓடு' என்று மட்டும் பிள்ளைகளுக்கு மனனமாக்கிக் கொடுக்கிறோம். ஆனால் அதன் வினைவடிவத்துக்கு மாத்திரம் 645 பொருள்கள் இருப்பதாக ஒக்ஸ்போர்ட் பேரகராதியைத் திருத்துவோர் கணக்கிட்ட செய்தி 2011இல் வெளிவந்தது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலே மிக நீண்ட விளக்கம் பெற்றிருந்த சொல் 'செட்'.

இது வெறும் வேடிக்கைச் செய்தியல்ல. கிரிக்கட்டில் 'ரன் அவுட்' என்றால் ஆட்டமிழப்பு. அதையே மருந்துக்கடைக்காரர் சொன்னால் மருந்து தீர்ந்துவிட்டது என்பது பொருள். உடனே வேறு கடை தேடவேண்டும். புதுத்துணியில் சாயம் 'ரன்' ஆகும் என்று எழுதியிருந்தால், அது கரைந்து மற்றத் துணியில் பிடிக்கும். பெருநாள் வெள்ளை உடுப்போடு ஊறப்போடக்கூடாது. கடையை 'ரன்' பண்ணுவதென்றால் நடத்துவது.

"எனக்கு ஆங்கிலம் தெரியாதே!" என்று தாய்மார் ஒதுங்கவேண்டாம். நம் தமிழிலும் மாத்தளையில் சுதுகங்கை ஓடுகிறது, கண்டி பஸ் ஓடுகிறது, சுவர்க் கடிகாரமும் ஓடுகிறது. முட்டைக்கும் ஓடு, கூரைக்கும் ஓடு. அரபியில் 'ஐன்' என்றால் கண். நீரூற்றும் அதுவே, உளவாளியும் அதுவே. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைப் பக்கத்துச் சொற்களே காட்டித்தரும்.

ஆகவே பிள்ளை தனிச்சொல்லை ஒப்புவித்ததும் புத்தகத்தை மூடவிடாதீர்கள். "முழு வசனத்தையும் வாசி. யார், எதைப் பற்றிச் சொல்கிறார்?" என்று கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்குத் தமிழ் தெரிந்தாலே போதும்.