அடிக்கு என்ன ரேட்?

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒருவர் தோட்டத்தில் போர் போட வேண்டும் என்றால் முதல் கேள்வியே "அடிக்கு என்ன ரேட்டுங்க?" என்பதுதான். ரிக் வண்டிகளுக்குப் பேர் போன ஊர் ஆச்சே! கேசிங் பைப்புக்குத் தனியாக எவ்வளவு, எத்தனை அடி வரை இந்த ரேட் என்று எல்லாம் பேசி முடித்த பிறகுதான் வண்டி உள்ளே வரும். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, போடுங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே வீட்டுப் பையன் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் ஷேர் வாங்கும்போது சரியாக அதைத்தான் சொல்கிறான். அதற்குப் பெயர் மார்க்கெட் ஆர்டர்.

ஒரு சின்னக் கணக்கு. திரையில் கடைசி விலை 52 ரூபாய். விற்பவர்கள் வரிசையில் 52 ரூபாய்க்கு 100 பங்கு, 52.50-க்கு 200, 54-க்கு 700 இருக்கிறது. 1000 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் மூன்றையும் வழித்து எடுத்துக்கொண்டு வரும். சராசரி விலை 53.50. வாங்குபவர்கள் வரிசையில் 51.50-தான் கேட்கிறார்கள் என்றால், அந்த நிமிடமே 2000 ரூபாய் போச்சு! பங்கு விலை இறங்கவே இல்லை, ஆர்டர் போட்ட விதத்திலேயே நஷ்டம். லிமிட் ஆர்டரில் "52.50-க்கு மேல் வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். கிடைத்தால் கிடைக்கட்டும்.

இதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பது அல்ல. 2012 அக்டோபர் 5 அன்று மும்பையில் ஒரு புரோக்கர் நிறுவனத்தில் இருந்து தவறாகப் போன 59 ஆர்டர்கள், 650 கோடிக்கு மேல் வியாபாரமாகி, நிஃப்டியைச் சில நொடிகளில் சுமார் 15 சதவீதம் கீழே தள்ளின. வர்த்தகமே கொஞ்ச நேரம் நின்றது. 2005-ல் ஜப்பானில் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியவர், 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்பதாகத் தட்டிவிட்டார். விலைக் கட்டமும் எண்ணிக்கைக் கட்டமும் மாறிப்போனது, அவ்வளவுதான்.

ஆனால் நம் பசங்க இதைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் படிப்பதில்லை. எல்லோருக்கும் வேண்டியது ஸ்கேனர்! "5 நிமிடத்தில் 3 சதவீதம் ஏறியது, வால்யூம் இரண்டு மடங்கு" என்று வடிகட்டினால் பத்துப் பெயர் வந்து விழும். அதே வடிகட்டியை அதே நிமிடத்தில் எத்தனை ஆயிரம் பேர் தட்டியிருப்பார்கள்? பட்டியலில் பெயர் வருவதற்குள் ஏற வேண்டியதில் பாதி ஏறியிருக்கும். முதலில் வாங்கியவர் விற்பதே பட்டியலைப் பார்த்து ஓடி வருகிறவரிடம்தான். மஞ்சள் ஏலத்துக்கு வரும் வியாபாரிகூட மூட்டையில் கை விட்டு, விரலியை உடைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-ல் தின வர்த்தகம் செய்த 10 தனிநபர்களில் 7 பேருக்கு நஷ்டம். 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 76 சதவீதம். வருடத்தில் 500 தடவைக்கு மேல் வாங்கி விற்றவர்களில் 80 சதவீதம்! நிறையப் பழகினால் கை வரும் என்பது சைக்கிளுக்குச் சரி, இங்கே தலைகீழ். தின வர்த்தகம் செய்தவர்களில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் 2018-19-ல் 18 சதவீதம், நான்கே வருடத்தில் 48.

மீதி 3 பேர் லாபம் பார்க்கிறார்களே என்பார்கள். உண்மைதான். அந்த வாதத்தைச் சொல்பவர் ஒவ்வொருவரும் தன்னை அந்த மூவரில் வைத்துத்தான் பேசுகிறார்.

இதில் புரோக்கர்களுக்கும் பங்கு உண்டு. 20,000 ரூபாயோடு வருபவனுக்கு 5 மடங்கு, அதாவது ஒரு லட்சத்துக்கு வாங்க விடுகிறார்கள். 4 சதவீதம் இறங்கினால் கைப்பணத்தில் 4000 காலி. வாங்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே "ஸ்டாப் லாஸ் அடித்தால் இவ்வளவு ரூபாய் போகும்" என்று பெரிய எழுத்தில் காட்டட்டும். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் விரல் நகர்ந்தால் நகரட்டும். ஸ்கேனரை மாலையில், சந்தை மூடிய பிறகு ஓட்டட்டும். காலையில் பேராசிரியர் பாடம் எடுக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ஓட்டுவதற்கு அதில் அப்படி ஒன்றும் இல்லை.