நற்செய்தியைக் கேட்டவரின் பக்கம்

கிறிஸ்தவ நம்பிக்கையைப் பிறரோடு பகிர்ந்த முறைகளைப் பற்றி நம் கருத்தரங்குகளில் பேச்செழுந்தால், இராபர்ட் தெ நொபிலியின் பெயரோடுதான் அது தொடங்கும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், மனப்பாடம் செய்த தமிழ் செபங்களைக் கைமணி அடித்துச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்; 1606-இல் மதுரைக்கு வந்த நொபிலியோ காவியுடுத்தி, வடமொழி கற்று, தத்துவ போதகராக வாதிட்டவர். முன்னது எளிய முறை, பின்னது பண்பாட்டை மதித்த முறை என்பது நம் பாடநூல் முடிவு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

நொபிலி எவருடைய பண்பாட்டை மதித்தார்? மதுரையில் அவருக்கு முன்பே பெர்னாண்டஸ் பாதிரியாரின் கோயில் இருந்தது. பரதவர் அங்கே வழிபட்டனர். உயர்சாதியாரிடம் பேசுவதற்காக நொபிலி அவர்களிடமிருந்து விலகித் தனி இல்லம் அமைத்துக்கொண்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்ற அவர் வாதத்தை 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஏற்றார். 1640 வாக்கில் தாழ்த்தப்பட்டோருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற வேறொரு துறவியர் வகை தேவைப்பட்டது. ஒரே நற்செய்தி, கொண்டுவருவோர் இரு வகை. அவருடைய தமிழ்ப் புலமையில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. ஆனால் சாதியை வழக்கம் என்று ஏற்றுக்கொண்ட முறையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

மும்பையில் இருந்துகொண்டு இதைப் பேசுவோர் நாராயண வாமன் திலக்கை மறப்பது விந்தை. 1895-இல் இதே நகரில் திருமுழுக்குப் பெற்ற மராத்திக் கவிஞர். அவரும் அபங்கத்தையும் கீர்த்தனத்தையும் கடன் வாங்கினார். ஆனால் பாட்டு வடிவத்தை எடுத்துக்கொண்டாரே ஒழிய விலகலை எடுத்துக்கொள்ளவில்லை. 1917-இல் மிஷன் ஊதியத்தை விட்டு அவர் தொடங்கிய 'தேவாச்சா தர்பார்' குழுவில் திருமுழுக்குப் பெறாதவருக்கும் இடமிருந்தது.

தாராவியை ஒட்டிய மாகிமில் இன்னொரு முறை உண்டு. அதை முறை என்று எவரும் சொல்வதில்லை. 1948-இல் புனித மிக்கேல் ஆலயத்தில் தொடங்கிய புதன்கிழமை நவநாள் அது. மெழுகில் செய்த கை, கால், வீடு ஆகியவற்றோடு எல்லாச் சமயத்தாரும் வரிசையில் நிற்கிறார்கள். யாரும் அவர்களிடம் வாதிடுவதில்லை, சாதி கேட்பதுமில்லை.

அதே 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் 'பரப்பும் உரிமை' விவாதத்துக்கு வந்தது. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் பயின்றும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று டி.டி.கிருஷ்ணமாச்சாரி அங்கே கூறி, அவ்வுரிமையை ஆதரித்தார். சொல்பவருக்கு அரசியல் சட்டம் காப்பளித்தது. கேட்டு ஏற்பவருக்கு? 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணை, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. மாட்டுங்காவில் ஒருவர் கிறிஸ்துவை ஏற்றால் இழப்பது உறவினரின் நல்லெண்ணமாக இருக்கலாம். தாராவியிலோ செம்பூர்க் குடிசைப்பகுதியிலோ ஒரு தலித் ஏற்றால் மகளின் கல்லூரி இடமும் போகிறது. வீட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழ்வதை ஏமாற்று என்று எளிதாகத் தீர்ப்புக் கூறுவோர், அந்த இரண்டாம் பெயரை எழுதவைத்தது எந்த ஆணை என்பதையும் பார்க்கவேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நொபிலியின் பூணூலைப் பற்றி இன்னொரு கட்டுரை வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களில் நம்பிக்கையை முதலில் கேட்டது யார், யார் வாயிலாக, ஏற்றபின் எதை மறைக்க நேர்ந்தது என்று பெயர் வெளியிடாமல் பதிவுசெய்யுங்கள். மறுசீரமைப்புத் திட்டத்தில் அந்தச் சந்துகள் கலையப்போகின்றன. நினைவு வைத்திருக்கும் பாட்டிமாருக்கும் வயதாகிறது.