ஆளில்லா அறையில் எரியும் விளக்கு

மின்சிக்கனம் சிப்காட் ஆலைகளுக்கே உரியது, போச்சம்பள்ளிச் சங்கக் கட்டடங்களுக்கு அன்று எனச் சிலர் எண்ணுகின்றனர். இது பிழை. ஆளில்லா அறையில் சுழலும் விசிறியின் கட்டணம் அங்கத்தினரின் இலாபத்திலிருந்தே கழிகிறது.

2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2007-இல் வந்த கட்டட நெறிமுறை பெருங்கட்டடங்களை நோக்கியது. ஆதலின் சிறு சங்கங்கள் தாமே முன்வர வேண்டும்.

ஆள் நடமாட்டம் அறிந்து, கம்பியின்றிச் செய்தி அனுப்பி, விளக்கை அணைக்கும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஆயினும் கருவிக்கு விலையுண்டு. அதுவும் சிறிது மின்சாரம் கொள்ளும். எனவே முதலில் ஓர் அறையில் மட்டும் பொருத்தி, தனி மீட்டர் வைத்து, முன்பின் கணக்கைப் பொதுக்குழுவில் ஒப்பிடுவோம். மிச்சம் கண்டால் விரிவாக்குவோம். இல்லையேல், வெளியேறுமுன் சுவிட்சை அணைக்கும் விரலே போதும்.